பந்து இல்லாதவரைப் பாருங்கள்: இளையோர் கால்பந்தில் தாக்குதல் கோளாறுகளை அறிகுறி வாரியாகச் சரிசெய்தல்

இளையோர் அணியின் தாக்குதல் குலையும்போது கோளாறு பந்தை வைத்திருக்கும் பிள்ளையிடம்தான் கண்ணில் படும். ஆனால் அதன் காரணம் பெரும்பாலும் அந்தப் பிள்ளையிடம் இருப்பதில்லை. பந்து வந்து சேர்வதற்கு இரண்டு மூன்று நொடிகள் முன்பு அவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார், எந்தப் பக்கம் திரும்பி நின்றார், சக ஆட்டக்காரர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பவற்றில்தான் அது இருக்கிறது. பெரியவர்களின் 90 நிமிட ஆட்டத்தில்கூட ஒருவர் காலில் பந்து இருக்கும் நேரம் சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் அவர் பந்து இல்லாமல்தான் ஆடுகிறார். ஆகவே தாக்குதலைச் சீராக்க விரும்பும் பயிற்சியாளர், பந்தைத் துரத்தும் தம் கண்களை முதலில் அதிலிருந்து விலக்கப் பழக வேண்டும்.

இந்த வழிமுறை ஏறத்தாழ 9 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பயிற்றுவிப்பவர்களுக்கானது. உங்கள் அணியில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதிக்கு நேராகச் செல்லலாம். ஆனால் அதற்கு முன் அடுத்து வரும் சோதனையைப் படித்துவிடுங்கள். எல்லாப் பகுதிகளும் அதையே அடிப்படையாகக் கொண்டவை.

முதல் சோதனை: இது உண்மையில் முடிவுக் கோளாறுதானா?

ஒரு பாஸ் தவறியதும் ‘தவறான முடிவு’ என்று தீர்ப்புச் சொல்லிவிடாமல், காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும். அவர் சுற்றிலும் பார்த்தாரா? பார்த்திருந்தால், கொடுப்பதற்கு ஆள் இருந்தாரா? ஆள் இருந்தால், அந்தத் தூரத்துக்கும் கோணத்துக்கும் பந்தைச் செலுத்தும் திறன் அவர் காலுக்கு இருக்கிறதா? இவை மூன்றும் இருந்தும் வேறொன்றைத் தேர்ந்தார் என்றால் மட்டுமே அதை முடிவுக் கோளாறு என்று சொல்லலாம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பயிற்சி ஆட்டத்தின் நடுவில் விசில் ஊதி எல்லோரையும் நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள். பந்தைப் பெறவிருந்தவரிடம் கண்களை மூடச் சொல்லி, “உனக்குப் பின்னால் யார் இருக்கிறார்? மிக அருகில் உள்ள எதிரணி வீரர் எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். பதில் தெரியவில்லையென்றால் கோளாறு பார்வையில் இருக்கிறது. சரியாகச் சொல்லிவிட்டு, “ஆனால் கொடுக்க யாரும் இல்லையே” என்கிறார், நீங்கள் பார்த்தாலும் அது உண்மையாக இருக்கிறது என்றால் கோளாறு மற்றவர்களின் நகர்வில் இருக்கிறது. சரியான ஆளைக் குறிவைத்து அடித்த பந்து பாதி வழியில் நின்றுவிட்டதென்றால், அவருக்குத் தேவை உதைக்கும் பயிற்சிதான். ஆட்ட அறிவைப் பற்றிய உபதேசத்தால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு பயிற்சி நேரத்தில் இரண்டு மூன்று முறைக்கு மேல் இப்படி நிறுத்தாதீர்கள். பிள்ளைகள் வந்திருப்பது விளையாட. நிறுத்தம் கூடக்கூட அவர்கள் கவனம் கலைந்துவிடும்.

அறிகுறி: எல்லோரும் பந்தைச் சுற்றிக் குவிகிறார்கள்

ஏழு எட்டு வயதில் இது கோளாறே அல்ல. அந்த வயதில் பந்துதான் ஆட்டம்; அதை விட்டு விலகி நிற்கச் சொல்வது ஆட்டத்தை விட்டே விலகச் சொல்வதாகத்தான் அவர்களுக்குக் கேட்கும். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 8 வயதுக்குட்பட்டோருக்கு நான்குக்கு நான்கு, 10 வயதுக்குட்பட்டோருக்கு ஏழுக்கு ஏழு, 12 வயதுக்குட்பட்டோருக்கு ஒன்பதுக்கு ஒன்பது என்று ஆட்களின் எண்ணிக்கையைப் படிப்படியாக உயர்த்துகிறது. ஆட்கள் குறைவாக இருந்தால் குவியலும் சிறிதாகிறது. ஒவ்வொருவருக்கும் பந்து அடிக்கடி கிடைக்கிறது.

பத்து வயதுக்கு மேலும் குவியல் நீடித்தால் ஒன்றைச் சோதியுங்கள்: அகலமாகப் பரவி நிற்கும் பிள்ளைக்குப் பந்து வந்து சேர்கிறதா? எல்லைக்கோட்டின் அருகே பத்து நிமிடம் பொறுமையாக நின்றும் ஒருமுறைகூடப் பந்து வரவில்லையென்றால், அவர் நடுவே ஓடிவருவது மிகவும் நியாயமான முடிவு. அவரைத் திட்டி மறுபடியும் ஓரத்துக்கு அனுப்பினால், உங்கள் சொல்லுக்காக நிற்பாரே தவிர, எதற்காக நிற்கிறோம் என்பதை அறிய மாட்டார்.

பரவி நிற்பதற்குப் பரிசு கிடைக்கும்படி ஆட்டத்தை மாற்றுவதே இதற்கு மருந்து. ஒவ்வோர் அணிக்கும் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு சிறிய கோல்களை, ஆடுகளத்தின் இரு மூலைகளுக்கு அருகே வையுங்கள். ஒரு பக்கம் கூட்டம் சேர்ந்தால் மறுபக்கக் கோல் திறந்து கிடக்கும். அதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிப்பார்கள். அப்படிக் கண்டுபிடித்தவர் மறுமுறை பந்து வருவதற்கு முன்பே அந்தப் பக்கம் நகர்ந்திருப்பார்.

அறிகுறி: பந்து கிடைத்ததும் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குள் ஓடுகிறார்

இந்த இடத்தில் பயிற்சியாளர் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். அவசரப்பட்டு “பாஸ் கொடு, பாஸ் கொடு” என்று கத்தினால், எதிரணி வீரரை நேருக்கு நேர் எதிர்கொண்டு தாண்டிச் செல்லும் துணிச்சல் அந்தப் பிள்ளையிடமிருந்து போய்விடும். பதினாறு வயதில் அதை மீட்பது மிகக் கடினம். டிரிபிளிங் செய்யும், அதாவது பந்தைக் காலோடு வைத்தே எதிரணியைத் தாண்டி ஓடும் பிள்ளை ஓர் அணிக்குக் கிடைத்த செல்வம். அந்தத் துணிச்சலை எந்த இடத்தில், எந்தத் தருணத்தில் பயன்படுத்துவது என்பதை மட்டுமே நாம் கற்றுத்தர வேண்டும்.

முதலில் பார்வையைச் சோதியுங்கள். பந்து அவரை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது அவர் கண்கள் எங்கே இருந்தன? பந்து உருண்டு வரும் வழி முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அது காலில் பட்ட பிறகுதான் உலகம் தெரியத் தொடங்குகிறது. அதற்குள் தடுப்பாளர் வந்துவிடுகிறார். அப்புறம் தலையைக் குனிந்து பந்தைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட்டும் அவருடைய சகாக்களும் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களைக் காணொளிகளில் கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, பந்தைப் பெறுவதற்கு முந்தைய நொடிகளில் அதிக முறை சுற்றிலும் பார்த்தவர்களின் பாஸ்கள் கூடுதலாகச் சக ஆட்டக்காரரைச் சென்றடைந்தன என்று காட்டியது. இந்தப் பழக்கத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் பழக்கலாம். ஆனால் “பார், பார்” என்று சொல்வதால் மட்டும் அது வராது. பார்த்தே ஆக வேண்டிய தேவை பயிற்சிக்குள் இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு பயிற்சி: ஒருவர் நடுவில் நிற்க, இரு பக்கமும் பக்கத்துக்கு ஒருவராகப் பந்து கொடுப்பவர்கள். நடுவில் நிற்பவருக்குப் பின்னால் ஒரு தடுப்பாளர். பந்து புறப்படும் அதே நேரத்தில் தடுப்பாளர் தம் விருப்பம்போல் இடப்பக்கமோ வலப்பக்கமோ நெருங்கி வருவார், அல்லது அசையாமல் நின்றுவிடுவார். நடுவில் நிற்பவர் தோள் வழியே ஒருமுறை திரும்பிப் பார்த்தால்தான், எந்தப் பக்கம் திரும்பலாம், அல்லது வந்த வழியே பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா என்பது தெரியும். திரும்பிப் பார்க்கத் தகுந்த நேரம் ஒன்று உண்டு: பந்து சக ஆட்டக்காரரின் காலிலிருந்து இன்னொருவரை நோக்கி உருண்டுகொண்டிருக்கும் நேரம். அப்போது பந்துக்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆகவே கண்ணை அதிலிருந்து எடுப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை.

பார்வை சரியாக இருந்தும் கூட்டத்துக்குள்தான் ஓடுகிறார் என்றால், அடுத்து மற்றவர்களைப் பாருங்கள். அவருக்கு இரு பக்கமும் ஒருவராவது தடுப்பாளரின் மறைவிலிருந்து விலகி, பந்துக்கும் தமக்கும் இடையே நேர்கோடு கிடைக்கும்படி நிற்கிறார்களா? நின்றால்தான் ‘கொடுப்பதா, ஓடுவதா’ என்ற தேர்வு அவருக்கு உண்டு. இவையெல்லாம் இருந்தும் அவர் ஓடினால், களத்தின் இடத்தைப் பொறுத்துப் பேசுங்கள். தம் கோலின் முன்னே நாலு பேருக்கு நடுவில் ஓடுவதும், எதிரணிக் கோலின் அருகே ஒரே ஒரு தடுப்பாளரைத் தாண்ட முயல்வதும் ஒன்றல்ல. இரண்டாவது முயற்சி பத்தில் ஏழு முறை தோற்றாலும் அதைப் பாராட்டுங்கள்.

அறிகுறி: பந்து வந்ததும் பதறி எங்காவது உதைத்துவிடுகிறார்

பெரும்பாலும் இது இரண்டு காரணங்களில் ஒன்றால் வருகிறது. ஒன்று, நிற்கும் விதம்: தாம் முன்னேற வேண்டிய கோலுக்கு முதுகைக் காட்டி நேராக நிற்பவருக்கு முன்னால் இருப்பது எதுவும் தெரியாது. பக்கவாட்டில் திரும்பி, இரு கோல்களும் ஓரக்கண்ணில் படும்படி நின்று, தூரத்துக் காலால் (பந்து வரும் பக்கத்துக்கு அப்பால் உள்ள காலால்) பந்தை வாங்கினால், முதல் டச்சிலேயே, அதாவது பந்தை முதலில் தொடும்போதே, முன்னோக்கித் திரும்பிவிடலாம். அவருடைய கால்விரல்கள் எந்தத் திசையை நோக்கியிருக்கின்றன என்று பாருங்கள், அதுவே போதும்.

மற்றொரு காரணம் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்கிறது. “அடி! தூக்கி அடி!” என்று பயிற்சியாளரும் பெற்றோரும் எழுப்பும் குரல்களுக்கு நடுவே பிள்ளையால் யோசிக்க முடியாது. ஒரு பாதி ஆட்டம் முழுவதும் எல்லைக்கோட்டிலிருந்து யாரும் ஒரு கட்டளையும் இடாமல் இருந்து பாருங்கள். உதைத்துத் தள்ளுவது குறைந்தால், மருந்து தேவைப்பட்டது பிள்ளைக்கு அல்ல.

அறிகுறி: பாஸ் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள்

ரொண்டோ எனப்படும், வட்டமாக நின்று நடுவில் இருப்பவருக்குப் பந்து கிடைக்காமல் சுற்றிவிடும் பயிற்சியை மட்டுமே நம்பியிருக்கும் அணிகளில் இதை அதிகம் பார்க்கலாம். ரொண்டோ முதல் டச்சுக்கும் கோணத்துக்கும் மிக நல்லது. ஸ்பெயினின் பார்சிலோனா அணியின் பயிற்சியில் அது நீண்ட காலமாகவே அன்றாடப் பழக்கம். ஆனால் அதன் எளிய வடிவில் பந்தைக் கொடுத்தவர் நகர வேண்டிய தேவை இல்லை, முன்னேற வேண்டிய திசையும் இல்லை. அதையே நீள்சதுரமாக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பந்தைக் கொண்டுசேர்த்தால் ஒரு புள்ளி என்று வைத்தால் திசை வந்துவிடும். பந்தைக் கொடுத்தவர் வேறொரு பக்கத்துக்கு மாற வேண்டும் என்று சேர்த்தால் நகர்வும் வந்துவிடும்.

“கொடுத்தால் ஓடு” என்பதைக் கண்மூடித்தனமான விதியாக்கிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். விதிக்காக ஓடும் பிள்ளை சக ஆட்டக்காரர் ஓடவிருந்த இடத்தை அடைத்துக்கொள்வார், தம்முடைய தடுப்பாளரையும் அங்கே இழுத்துச் செல்வார். கொடுத்த பின் செய்யத்தக்கவை மூன்று: தடுப்பாளர் பந்தைப் பார்க்கத் திரும்பிய கணத்தில் அவர் முதுகுப் பக்கமாக முன்னே ஓடி, கொடுத்த பந்தை உடனே திரும்பப் பெறும் ஒன்-டூ வாங்குவது, ஓரிரண்டு அடி விலகிப் பந்து திரும்பி வர வழி கொடுப்பது, அல்லது பந்து பறிபோனால் காக்க வேண்டி இருக்கும் இடத்திலேயே நிற்பது. மூன்றாவதும் ஒரு முடிவுதான். நின்றவரிடம் “ஏன் ஓடவில்லை?” என்று கேட்பதற்குப் பதில் “என்ன பார்த்து நின்றாய்?” என்று கேளுங்கள். காரணம் சொல்ல முடிந்தால் அவர் நின்றது சரி.

அறிகுறி: ஓடுகிறார்கள், ஆனால் பந்து கிடைப்பதே இல்லை

இளையோர் அணிகளில் மிக அதிகமாகக் காணப்படுவதும், மிகக் குறைவாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். பிள்ளைகள் வியர்க்க வியர்க்க ஓடுகிறார்கள், கையை உயர்த்திக் கத்துகிறார்கள், பந்து வரவில்லை என்று மனம் நொந்து நின்றுவிடுகிறார்கள். பந்து கொடுக்காதவர்மேல் பழி விழுகிறது. நான்கு இடங்களில் தேட வேண்டும்.

மறைவு. ஓடுபவருக்கும் பந்துக்கும் நடுவே ஒரு தடுப்பாளர் நின்றால், அந்த ஓட்டத்தால் பயனில்லை. ஓடுபவரிடமே கேளுங்கள்: “உன் இடத்திலிருந்து பந்து முழுதாகத் தெரிகிறதா?” தெரியவில்லையென்றால் பந்தால் அவரிடம் வர முடியாது. பல நேரங்களில் முப்பது அடி ஓட வேண்டியதில்லை. பக்கவாட்டில் மூன்று அடி நகர்ந்தால் போதும்.

திசை. மூன்று முன்கள வீரர்களும் ஒரே நேரத்தில் எதிரணிக் கோலை நோக்கி ஓடினால் பின்கள வரிசை முழுவதும் ஒன்றாகப் பின்வாங்கும், யாருக்கும் இடம் கிடைக்காது. ஒருவர் பந்தை நோக்கி இறங்கி வரும்போது இன்னொருவர் அவர் விட்டுச்சென்ற இடத்துக்குள் புகுந்தால்தான், அந்தத் தடுப்பாளர் யாரோடு போவது என்று தடுமாறுவார். இருவரும் எதிரெதிர்த் திசையில் நகர வேண்டும் என்பதை மட்டும் ஒரு மாதம் பழக்கினாலும் அணியின் தாக்குதல் வேறாகிவிடும்.

நேரம். இதை நெருக்கமாகப் பார்ப்போம். நடுக்களத்தில் ஒருவருக்குப் பந்து வருகிறது. அவர் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார்; தூரத்துக் காலால் பந்தை வாங்கி, முன்னே ஓரடி தள்ளிவிட்டு, தலையை நிமிர்த்துகிறார். முன்கள வீரர் கிளம்ப வேண்டியது அந்தத் தலை நிமிரும் கணத்தில்தான். பந்து இன்னும் நடுக்கள வீரரை நோக்கி உருண்டுகொண்டிருக்கும்போதே கிளம்பினால், கொடுக்கக்கூடிய நேரம் வருவதற்குள் அவர் தடுப்பு வரிசையை எட்டி, ஆஃப்சைடுக்கு (பந்து கொடுக்கப்படும் கணத்தில் கடைசிக்கு முந்தைய எதிரணி வீரரைத் தாண்டி நிற்பதற்கு) பயந்து நின்றிருப்பார். நின்றவரைக் காப்பது எந்தத் தடுப்பாளருக்கும் எளிது. தலை நிமிர்ந்து ஒரு நொடி கழித்துக் கிளம்பினாலோ, நடுக்கள வீரரின் முன்னே எதிரணி வந்துவிட்டிருக்கும். ஆகவே முன்கள வீரர்களுக்கு நான் தரும் சைகை ஒன்றே ஒன்று: கொடுப்பவரின் கண்கள் உன்னைப் பார்க்கும் நிலைக்கு வரும்போது ஓடு. குரல் கொடுக்கத் தேவையில்லை. குரல் எதிரணிக்கும் கேட்கும்.

தொடக்கம். ஒரே வேகத்தில் ஓடுபவரை எவரும் பின்தொடரலாம். முதலில் போக விரும்பாத திசையில் இரண்டு மூன்று அடிகள் மெதுவாக எடுத்து வைத்து, தடுப்பாளரின் எடை அந்தக் காலுக்கு மாறியதும் சட்டென்று எதிர்த்திசையில் பாய வேண்டும். இதைவிடக் கூர்மையானது, தடுப்பாளரின் தோளுக்குப் பின்னால், அவர் பார்வைக்கு வெளியே நின்று தொடங்குவது. பந்தையும் ஆளையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாத இடத்தில் நிற்பவரை அவர் திரும்பத் திரும்பத் தேட வேண்டியிருக்கும். தேடும் அந்த நொடியில் இடம் திறக்கும். ஜெர்மனியின் தாமஸ் முல்லர், அதிவேகமோ அசாத்திய டிரிபிளிங்கோ தம் பலமாக இல்லாமலேயே, இப்படி இடத்தைக் கண்டுபிடித்து நிற்கும் கலையாலேயே 2010 உலகக்கோப்பையில் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வென்றார். உடல் சிறிதாக இருப்பதாலும் வேகம் குறைவாக இருப்பதாலும் தம்மைத் தாழ்வாக நினைக்கும் பிள்ளைகளுக்கு அவருடைய ஆட்டக் காணொளிகளைக் காட்டுங்கள், பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்க்கச் சொல்லி.

இன்னொன்றும் இந்த அறிகுறியோடு சேர்ந்தது. நன்றாக ஓடியும் பந்து கிடைக்காத ஓட்டம் வீணான ஓட்டம் அல்ல. ஒரு பிள்ளை மூலையை நோக்கி ஓடி ஒரு தடுப்பாளரை இழுத்துச் சென்றதால்தான் இன்னொருவர் நடுவில் கோல் அடித்தார் என்றால், கோல் அடித்தவரைச் சூழ்ந்து எல்லோரும் கொண்டாடும்போது நீங்கள் ஓடியவரின் பெயரைச் சொல்லிப் பாராட்ட வேண்டும், மற்றவர்கள் காதில் விழும்படி. பயிற்சியாளர் எதைப் பாராட்டுகிறாரோ அதையே பிள்ளைகள் மறுபடியும் செய்வார்கள். கோலை மட்டுமே பாராட்டும் அணியில் நாலாவது வாரத்துக்குப் பிறகு யாரும் இன்னொருவருக்காக ஓட மாட்டார்கள்.

அறிகுறி: திரும்பத் திரும்ப ஆஃப்சைடு

விதி எல்லோருக்கும் தெளிவாகத் தெரியுமா என்று முதலில் பாருங்கள். தம் அணியின் பாதியில் இருப்பவர் ஆஃப்சைடு நிலையில் இல்லை. கடைசிக்கு முந்தைய எதிரணி வீரருக்குச் சமமாக நிற்பவரும் இல்லை. கோல் கிக், த்ரோ-இன், கார்னர் கிக் ஆகியவற்றிலிருந்து நேரடியாகப் பந்தைப் பெற்றால் ஆஃப்சைடு குற்றம் கிடையாது. கணக்கில் வருவது பந்து கொடுக்கப்பட்ட கணம். பெறப்பட்ட கணம் அல்ல. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பல பிள்ளைகள் பல ஆண்டுகள் ஆடியும் அறியாதிருக்கிறார்கள். சிறார் போட்டிகளில் சில இடங்களில் ஆஃப்சைடு கோடே நடுக்கோட்டிலிருந்து முன்னே தள்ளி வைக்கப்படுவதும் உண்டு. நீங்கள் ஆடும் போட்டியின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதி தெரிந்தும் கொடி உயர்கிறது என்றால் இரண்டு பேரையும் சோதிக்க வேண்டும். ஓடுபவர் நேர்கோட்டில் கோலை நோக்கி ஓடுகிறாரா? அப்படியானால் அவர் வரிசையை மிக விரைவில் தாண்டிவிடுவார். தடுப்பு வரிசைக்கு இணையாகச் சில அடிகள் ஓடி, பந்து புறப்படும்போது வளைந்து உள்ளே திரும்பும் ஓட்டத்தைப் பழக்குங்கள். அப்போது அவர் உடல் பக்கவாட்டில் இருப்பதால் கொடுப்பவரும் வரிசையும் இரண்டுமே கண்ணில் படும், வேகமும் குறையாது. கொடுப்பவர் என்ன செய்கிறார்? சரியான நேரத்தில் ஓட்டம் தொடங்கியும், அவர் இன்னொரு டச் எடுத்துக்கொண்டு தாமதித்தால், கொடி ஓடியவருக்காக உயர்ந்தாலும் திருத்த வேண்டியது கொடுத்தவரை. இந்த வேறுபாட்டைப் பயிற்சியாளர் உரக்கச் சொல்லாவிட்டால் இரு பிள்ளைகளுக்கும் நடுவே வீண் மனத்தாங்கல் வளரும்.

அறிகுறி: ஒரே தடுப்பாளருக்கு எதிராக இருவர், ஆனாலும் வாய்ப்பு வீணாகிறது

பந்து வைத்திருப்பவர் மிகச் சீக்கிரம் கொடுத்துவிடுவதே இதற்கு முதல் காரணம். தடுப்பாளர் இன்னும் தூரத்தில் இருக்கும்போது கொடுத்தால், பந்தோடு சேர்ந்து அவரும் மறுபக்கம் நகர்ந்துவிடுவார். இருவர் இருந்தும் ஒருவருக்கு ஒருவர் என்றே ஆகிவிடும். பந்தோடு நேராகத் தடுப்பாளரை நோக்கிச் சென்று, அவர் தம்மைத் தடுத்தே ஆக வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்து, அவர் கால் எட்டும் தூரத்துக்குச் சற்று முன்பாகக் கொடுக்க வேண்டும். தடுப்பாளர் வராமல் பின்வாங்கிக்கொண்டே போனால் கொடுக்கவே வேண்டாம். கோல் வரை சென்று அடிக்கலாம். இந்த இரண்டில் எது என்பதைத் தடுப்பாளர்தான் தீர்மானிக்கிறார், அவருடைய கால்களைப் படிப்பதே தாக்குபவரின் வேலை என்று பிள்ளைகளுக்குப் புரிய வைத்துவிட்டால் பாதிக் கோளாறு தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி, கூட ஓடுபவருடையது. அவர் மிக நெருங்கி ஓடினால் ஒரே தடுப்பாளர் இருவரையும் காத்துவிடுவார். மிக முன்னே ஓடினால் ஆஃப்சைடு. பந்தைவிடச் சற்றுப் பின்னே, நன்றாக விலகி, தம் வேகத்தைப் பந்தின் வேகத்தோடு பொருத்திக்கொண்டு வர வேண்டும்.

அறிகுறி: ஓரத்திலிருந்து பந்து உள்ளே வருகிறது, வாங்க ஆள் இல்லை

பந்தை வாங்க வரும் மூவரும் ஒரே கோட்டில், கோலுக்கு மிக அருகில் நிற்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர் அருகிலுள்ள கம்பத்துக்கும், ஒருவர் தூரத்துக் கம்பத்துக்கும், ஒருவர் 11 மீட்டர் தொலைவில் உள்ள பெனால்டி புள்ளியின் பக்கமும் என்று வேறுவேறு ஆழத்தில் வர வேண்டும். ஓரத்தில் ஆடும் விங்கர் எதிரணியின் கோல்கோடு வரை போய்விட்டால் தடுப்பாளர்கள் எல்லோரும் தம் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள். அப்போது பின்னோக்கித் தரையோடு கொடுக்கும் கட்-பேக்கை வாங்க, ஓடாமல் தாமதித்து நின்ற மூன்றாமவருக்கே இடம் இருக்கும். சிறுவர்களுக்கு, ஓரத்திலிருந்து உயரமாகத் தூக்கி அடிக்கும் கிராஸைவிட இது அதிகப் பயன் தரும்.

அறிகுறி: பயிற்சியில் எல்லாம் சரி, போட்டியில் ஒன்றும் இல்லை

பயிற்சியில் எதிரணி இருந்ததா என்பதே முதல் கேள்வி. கூம்புகளைச் சுற்றி ஓடி, முன்பே சொல்லிவைத்த இடத்துக்குப் பந்தைக் கொடுக்கும் பிள்ளை அங்கே எந்த முடிவும் எடுக்கவில்லை. உங்கள் முடிவை நிறைவேற்றியிருக்கிறார். போட்டியில் அந்த முடிவை எடுத்துத் தர நீங்கள் களத்துக்குள் இருக்க மாட்டீர்கள். இங்கிலாந்தின் லாஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பங்கரும் தார்ப்பும் 1982இல் முன்வைத்த கற்பித்தல் முறை இதைத்தான் திருப்பிப் போட்டது: முதலில் ஆட்டம், பிறகு ‘எப்போது, ஏன்’ என்ற கேள்வி, அதன் பிறகே ‘எப்படி’ என்னும் நுட்பம். தடுப்பாளர் ஒருவரையாவது வைத்து, திசையும் கோலும் வைத்து, மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு மூன்று என்று சிறு ஆட்டங்களாகப் பயிற்சியை மாற்றுங்கள். தொடக்கத்தில் தாக்குபவர்களின் எண்ணிக்கை ஒன்று கூடுதலாக இருக்கட்டும். பழகப் பழகச் சமமாக்கலாம்.

எதிரணி வைத்துப் பயிற்சி தந்தும் போட்டியில் வரவில்லையென்றால், ஒரே நேரத்தில் பலவற்றைக் கேட்கிறீர்களா என்று பாருங்கள். திரும்பிப் பார்ப்பது, எதிர்த்திசை நகர்வு, வளைந்த ஓட்டம் மூன்றையும் ஒரே வாரத்தில் எந்தப் பிள்ளையும் ஏற்க முடியாது. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போட்டி நாளில் அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுங்கள், வெற்றி தோல்வியைப் பற்றி அன்றே பேச வேண்டியதில்லை.

முன்னேற்றத்தை அளக்க, மாற்று வீரராக வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, களத்தில் உள்ள ஒரே ஒரு சக ஆட்டக்காரரைப் பத்து நிமிடம் கவனிக்கச் சொல்லுங்கள். பந்து வருவதற்கு முன் அவர் தோளைத் திருப்பிப் பார்த்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. பார்க்காமல் பந்தை வாங்கிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு வட்டம். அடுத்த போட்டியில் இருவரையும் இடம் மாற்றி அதையே செய்யச் சொல்லுங்கள். கோடுகள் கூடி வட்டங்கள் குறைந்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட பயிற்சி வேலை செய்கிறது; இல்லையென்றால் முதல் சோதனையிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.